மலையைப் பார்க்காத பிள்ளைகள் மலை வரைகிறார்கள்: வகுப்பில் நின்று கற்றுக்கொள்ளும் ஓவிய ஆசிரியர்களுக்கு

அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஓவிய ஆசிரியராக இருக்கிறவர்களிடமும் ஆகப் போகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் வண்ணக்கலை படித்தேன். ஓவியத்துக்கான அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளான லோயர், ஹையர் இரண்டும் தேறி, 42 நாள் டி.டி.சி. (தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்) பயிற்சியும் முடித்தாயிற்று. அந்தப் பயிற்சி கோடை விடுமுறையில் நடந்ததால் பள்ளியில் பிள்ளைகள் இல்லை. பாடக்குறிப்பு எழுதினோம், சார்ட் தயாரித்தோம், மாதிரி வகுப்பு எடுத்தோம். எதிரே உட்கார்ந்திருந்தது என்னோடு படித்த பயிற்சி ஆசிரியர்கள்தான். நான் சொன்னதும் வரைந்தார்கள், கேட்டதும் பதில் சொன்னார்கள். இப்படிக் கற்றுக்கொண்டது நிஜமான வகுப்பில் நிற்குமா என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. அதனால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியரிடமும் அங்கிருக்கும் பகுதி நேர ஓவிய ஆசிரியரிடமும் அனுமதி கேட்டு, வாரம் 2 நாள் அவருக்குத் துணையாகப் போகிறேன்.

முதல் நாள் ஆறாம் வகுப்பு, 34 பிள்ளைகள். "உங்கள் ஊரை வரையுங்கள்" என்றேன். 29 தாள்களில் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கிடையாது. கோபுரமும் பனைமரமும் செல்போன் டவரும்தான் உயரம். "மலையை நேரில் பார்த்தவர்கள் யார்?" என்று கேட்டேன். ஒரு பையன் பழநிக்குப் போயிருக்கிறான். இன்னொரு பெண் சுவாமிமலை என்றாள். அது 60 படி வைத்துக் கட்டிய கட்டுமலை. "அப்புறம் ஏன் மலை வரைந்தாய்?" என்றதற்கு அவள் சொன்னாள்: "ஊர்னா அப்படித்தானே மிஸ் வரையணும்."

சரி, நம் ஊரை நான் வரைந்து காட்டுகிறேன் என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குத் திரும்பினேன். குறுக்கே ஒரு கோடு போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஐந்து வருடமாக ஜாடி, பழம், மனித உருவம், முகம் எல்லாம் வரைந்திருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த இந்தத் தட்டை நிலத்தை ஒருநாளும் வரைந்ததில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. மணி அடித்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலை வரையாத 5 பேரில் ஒரு சிறுமி வாய்க்காலை வரைந்திருந்தாள். மேலிருந்து பார்ப்பது போல நடுவில் வாய்க்கால், இரண்டு கரையிலும் மரங்கள். ஆனால் ஒரு கரை மரங்கள் மேல் பக்கமாகவும், மறு கரை மரங்கள் கீழ்ப் பக்கமாகவும் படுத்துக் கிடந்தன. நான் அவள் பென்சிலை வாங்கி, அந்தத் தாளிலேயே இரண்டு மரங்களை நிமிர்த்தி வரைந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பீரியட் முடியும் வரை அவள் ஒரு கோடு கூடப் போடவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்கள் எல்லாம் வகுப்பில் நின்று எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?


முள்ளியாறு எழுதியது:

டீச்சர், மனதை விட்டுவிடாதீர்கள். 2012இல் அரசு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தபோது சேர்ந்தவன் நான். அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரம் 3 அரை நாள். ஒரு வகுப்பை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். போன வாரம் என்ன வரைந்தோம் என்று பிள்ளைகளுக்கும் நினைவிருக்காது, எனக்கும் இருக்காது. இரண்டாவது வருடத்திலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு துணிப்பை வைத்துக்கொண்டேன். பிள்ளைகளின் தாள்களை வீட்டுக்குக் கொடுக்காமல், தேதி போட்டு அதில் சேர்த்தேன். பருவ முடிவில் ஒரே பிள்ளையின் ஆறேழு தாளைத் தரையில் வரிசையாக விரித்துப் பார்த்தேன். எனக்கு நடந்த உண்மையான பயிற்சி அதுதான். நன்றாக வரைகிறான் என்று நான் நினைத்த பையன் ஆறு தாளிலும் ஒரே கிளியை வரைந்திருந்தான். ஒன்றும் தெரியாது என்று நான் விட்ட பையனின் சைக்கிள் ஜூனில் இரண்டு வட்டம். செப்டம்பரில் அதற்குச் செயின் வந்திருந்தது.

உங்கள் 29 மலைத் தாள்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.


பழைய டிராயிங் மாஸ்டர் எழுதியது:

அம்மா அரசலாறு, மன்னார்குடிப் பக்கம் 31 வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முதல் வருடம் அப்படியே கண்முன் வந்தது. அந்த மலையை நானும்தான் வரைந்துகொடுத்தேன், ஒரு வகுப்புக்கு இல்லை, பல வருடங்களாக. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

முதலில் அந்தச் சிறுமி. அவள் தப்பாக வரையவில்லை. வாய்க்கால் கரையில் நடந்து போகும்போது இந்தப் பக்கம் திரும்பினால் மரம் நிற்கிறது, அந்தப் பக்கம் திரும்பினாலும் மரம் நிற்கிறது. இரண்டு பக்கமும் அடிமரம் கரையில் ஊன்றியிருக்கிறது. அவளுக்குத் தெரிந்த அந்த உண்மையை அவள் அப்படியே விரித்து வைத்திருக்கிறாள், பெட்டியின் பக்கங்களைத் தரையில் விரித்து வைப்பது போல. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியாவில் பிறந்த கலைக்கல்வி அறிஞர் குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்து 1947இல் எழுதினார். கிறுக்கும் பருவம் முடிந்து, ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் பிள்ளைக்கு ஒரு மரத்துக்கு, ஒரு மனிதனுக்கு என்று தனக்கான வடிவம் அமைந்துவிடுகிறது. இந்த விரித்துப் போடும் பார்வையும் அப்போது வருகிறது. சில பிள்ளைகளிடம் இது பதினொன்று, பன்னிரண்டு வரை தங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

இதைப் பிள்ளைத்தனம் என்றும் நினைக்க வேண்டாம். நம் நாட்டு மரபு ஓவியங்களில் குளத்தை மேலிருந்து பார்த்தது போலக் கட்டமாக வரைந்து, அதில் மீனைப் பக்கவாட்டில் நீந்த விடுவார்கள். பார்க்கிறவருக்கு எந்தக் குழப்பமும் வராது. திருவாரூர் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் மேற்கூரையில் முசுகுந்தன் என்ற அரசனின் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது, கூடவே தமிழில் எழுத்தும் ஓடுகிறது. சிங்காதனம் என்ற ஓவியரின் பெயரே அதில் இருக்கிறது. தூரத்தில் இருப்பதைச் சின்னதாக்கி ஒரு புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற கணக்கு அங்கே கிடையாது. உங்களுக்குக் கல்லூரியில் ஐரோப்பியத் தொலைவுக் காட்சியைச் சொல்லித் தந்திருப்பார்கள். அந்தக் கண்ணோடு அவள் தாளைப் பார்த்ததால்தான் மரங்கள் படுத்துக் கிடப்பதாகத் தெரிந்தது.

இப்போது மலைக்கு வருகிறேன். ஏன் எல்லோரும் அதையே வரைகிறார்கள்? என் மாதிரி மாஸ்டர்கள் போர்டில் போட்டது ஒரு காரணம். நோட்டு அட்டை, காலண்டர், வீட்டுச் சுவரில் ஒட்டிய படம் இன்னொரு காரணம். ஆனால் இவற்றை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அது எனக்குப் புரியப் பதினைந்து வருடம் ஆயிற்று. தாளின் மேல்பாதியை என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. நம் ஊர் நிலம் தாளின் அடியில் ஒரு கோடாக முடிந்துவிடுகிறது. மேலே வெறும் வெள்ளை. மலை வந்தால் அந்த வெள்ளை நிறைகிறது, சூரியனுக்கு உட்கார இடம் கிடைக்கிறது, ஆற்றுக்குப் பிறப்பிடம் கிடைக்கிறது. மலை அவர்களுக்கு ஒரு விடை. "மலை வரையாதே" என்று சொல்லி அதைப் பிடுங்கினால், கையில் வெறும் தாளோடு உட்கார்ந்திருப்பார்கள், போர்டு முன்னால் நீங்கள் நின்ற மாதிரி. வேறு விடையை அவர்களோடு சேர்ந்து நீங்களும் தேட வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் என் காலத்து ஆள்தான். பார்த்து வரைவது கெட்டது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். லோயர் எழுதப் போகிற பிள்ளைக்குக் கோடு நேராக வர வேண்டும், நீள்வட்டம் சரியாக வர வேண்டும். அது பார்த்துப் பார்த்துப் பழகினால்தான் வரும்.


மெழுகுக்கரு எழுதியது:

சுவாமிமலையில் ஐம்பொன் சிலைப் பட்டறையில் இருக்கிறேன். ஆசிரியர் இல்லை. ஆனாலும் கற்றுக்கொடுப்பது, கற்றுக்கொள்வது பற்றிய பேச்சு என்பதால் எழுதுகிறேன்.

மாஸ்டர் ஐயா சொன்ன கடைசிப் பத்தியோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. சிலையை முதலில் மெழுகில் செய்துதான் உலோகத்தில் வார்ப்போம். அதனால் எங்களிடம் வருகிற பையன் முதலில் மெழுகு காய்ச்சக் கற்றுக்கொள்வான். தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் எது எவ்வளவு, வெயில் காலத்தில் எப்படி, மழைக் காலத்தில் எப்படி என்பது கைக்குப் பிடிபடவே மாதங்கள் ஆகும். அப்புறம் விரல், காது, ஆபரணம். எல்லாம் பெரியவர் செய்ததைப் பார்த்துத்தான். பெரியவர் கை வைத்துத் திருத்தவும் செய்வார். அவன் செய்த மூக்கை ஒரு அழுத்தில் தட்டையாக்கிவிட்டு "திரும்பப் பிடி" என்பார். யாரும் கோபித்துக்கொண்டு உட்கார்வதில்லை.

ஏன் அந்தச் சிறுமி உட்கார்ந்துவிட்டாள் என்று யோசித்தேன். மெழுகு அழிந்தால் மெழுகுதான், மறுபடி உருட்டிக்கொள்ளலாம். பட்டறையில் செய்வது எந்த மூர்த்தி, எத்தனை தாலம் (முகத்தின் நீளத்தை வைத்துச் சொல்கிற அளவு) என்று முதலிலேயே தெரியும். அது பையனின் சொந்த மூர்த்தி இல்லை, சாஸ்திரத்தில் உள்ளது. அதனால் பெரியவர் கை வைப்பது அளவுக்காக வைப்பது. அந்தப் பிள்ளை வரைந்தது அவள் வாய்க்கால். அதன் அளவு அவளுக்குத்தான் தெரியும். பார்த்து வரையச் சொல்வதில் தப்பில்லை ஐயா, எதைப் பார்த்து என்பதுதான் கேள்வி. போர்டைப் பார்த்தா, வாய்க்காலைப் பார்த்தா?


வெண்ணாறு எழுதியது:

நான் பி.எட். இரண்டாம் வருடம், தமிழ்ப் பாடம். இந்தப் படிப்பை 2 வருடமாக்கியதிலிருந்து அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். நான் போன பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை, அந்தப் பீரியடை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வரைய வராது. பிள்ளைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கோலம் போடச் சொன்னேன். அவர்கள்தான் எனக்கு இடைப்புள்ளி என்றால் என்ன, நேர்ப்புள்ளி என்றால் என்ன, சிக்குக் கோலத்தில் இழை எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் தப்பாகப் போட்ட இடத்தை ஒரு ஏழாம் வகுப்புப் பெண் அழிக்கவில்லை. பக்கத்தில் தன் கோலத்தைப் போட்டுவிட்டு, "சார், இங்க பாருங்க" என்றாள். மாஸ்டர் ஐயாவும் மெழுகுக்கரு அண்ணனும் எழுதியதைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது.


அரசலாறு எழுதியது:

வெண்ணாறு, அந்தப் பெண் செய்ததைத்தான் நான் செய்திருக்க வேண்டும். அவளது தாளைத் தொடாமல் என் தாளில்.

ஐயா, விரித்துப் போடும் பார்வை பற்றி டி.டி.சி.யில் குழந்தை உளவியல் பாடத்தில் ஒரு பத்தி இருந்தது. பரீட்சைக்குப் படித்தேன், எழுதினேன். அதே விஷயம் ஒரு சிறுமியின் தாளில் என் முன்னால் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. படித்ததை வகுப்பில் அடையாளம் காண்பதற்கு நீங்கள் ஏதாவது பழக்கம் வைத்திருந்தீர்களா?


பழைய டிராயிங் மாஸ்டர் எழுதியது:

வைத்திருந்தேன் அம்மா. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கணக்கு வாத்தியார். வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குப் போகும் முன், தாழ்வாரத்தில் நின்றபடியே ஒரு பழைய டைரியில் நாலு வரி எழுதுவேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால் நம் மனது அதைத் திருத்திவிடும், நாம் நல்ல வாத்தியாராகத் தெரிகிற மாதிரி. அதனால் உடனே எழுத வேண்டும். வகுப்பு முழுவதையும் எழுத மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை. அவன் எதை முதலில் வரைந்தான், எங்கே நின்றான், எங்கே அழித்தான், பக்கத்தில் இருப்பவனிடம் என்ன பேசினான். பேசியதை முக்கியமாக எழுதுவேன், ஏனென்றால் வரையும்போது பிள்ளைகள் படத்துக்குள் நடப்பதை வாயால் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். முடிந்த படத்தை மட்டும் பார்க்கிற வாத்தியாருக்கு அந்தக் கதை கிடைக்காது.

எனக்கு முதல் சில வருடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நன்றாக வரைகிற நாலு பேரின் தாளைத் தூக்கிக் காட்டுவேன். மீதிப் பிள்ளைகள் அந்த நாலு பேரைப் பார்த்து வரைய ஆரம்பித்தார்கள். நான் போர்டில் மலை போடுவதை நிறுத்தியும் மலை நிற்கவில்லை. முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. டைரியைப் புரட்டியபோதுதான் அதைக் கண்டுபிடித்தேன்.

மெழுகுக்கரு தம்பி, உங்கள் கேள்வி நியாயம். நான் அதை அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. யோசிக்கிறேன்.


உப்பளம் எழுதியது:

வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். நானும் ஒரு தாளில் கை வைத்திருக்கிறேன். இத்தனை வருடமாகியும் அது மனதை விட்டுப் போகவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பள்ளி திறக்க நாளாயிற்று. திறந்ததும் பிள்ளைகளை அமைதிப்படுத்த ஏதாவது லேசாகக் கொடுக்கலாம் என்று "இயற்கைக் காட்சி" என்று போர்டில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தென்னைகளை எல்லாம் குறுக்கே வரைந்திருந்தான். தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு வரைகிறான் என்று நினைத்து நான் தாளை நேராக்கி வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் பழையபடி திருப்பிவிட்டான். இரண்டாவது தடவை திருப்பியபோதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே தோப்பு அப்படித்தான் கிடந்தது. அவன் அப்பாவின் தோப்பும் அதில் ஒன்று.

அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் தாளையும் நான் திருப்புவதில்லை. அவர்கள் இருக்கிற பக்கத்துக்கு நான் போய் நின்று பார்க்கிறேன். அரசலாறு, உங்கள் சிறுமியின் வாய்க்காலையும் இரண்டு கரையிலும் மாறி மாறி நின்று பாருங்கள்.


முள்ளியாறு எழுதியது:

உப்பளம் டீச்சர், எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கமும் அந்த வருடம் அதே கதிதான். அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறானோ. நன்றாக இருக்கட்டும்.


காவிரிக்கரை அம்மா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர். என் பெண் லோயர் எழுதத் தயாராகிறாள். இங்கே எல்லோரும் பிள்ளையின் போக்கில் விட வேண்டும் என்கிறீர்கள். தேர்வில் அவள் போக்கில் வரைந்தால் மதிப்பெண் கொடுப்பார்களா? கோபமாகக் கேட்கவில்லை, கவலையோடு கேட்கிறேன்.


பழைய டிராயிங் மாஸ்டர் எழுதியது:

கவலை நியாயம்தான் அம்மா. தேர்வு என்பது குறிப்பிட்ட திறனைச் சோதிப்பது. முன்னால் வைத்த பொருளை அளவு பிசகாமல் வரைய வேண்டும், கோடு சுத்தமாக இருக்க வேண்டும். அதற்குத் தினமும் அரை மணி தனியாகப் பழகட்டும். ஒரு செம்பு, ஒரு டம்ளர், ஒரு செங்கல் போதும். மெழுகுக்கரு தம்பி சொன்னதை நினைத்துத்தான் சொல்கிறேன்: கைடு புத்தகத்தில் அச்சடித்த செம்பைப் பார்த்து வேண்டாம், உங்கள் வீட்டுச் செம்பை ஜன்னலோரம் வைத்துப் பார்த்து வரையட்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நிழல் இடம் மாறியிருப்பதை அவளே சொல்வாள்.

ஆறாம் வகுப்பு ஓவியப் பீரியட் வேறு. அங்கே தேர்வு கிடையாது.


அரசலாறு எழுதியது:

ஆடிப் பதினெட்டு முடிந்த வாரம் இது. நாலு வாரமாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், சரியாக வராததையும் சேர்த்து.

முதலில் நானே வரையப் போனேன். காலை ஆறரைக்கு வயல் பக்கம் போய் உட்கார்ந்து, ஒரு வாரம் தினமும் ஒரு தாள். முதல் மூன்று தாள் வெறுமையாகவே இருந்தன. நாலாவது நாள் மதகு மேல் ஏறி நின்று வரைந்தேன். கீழே உட்கார்ந்திருந்தபோது முன்னால் இருந்த குறுவைப் பயிரே மீதி வயலை மறைத்துவிட்டது. மதகில் நின்றதும் வரப்புகள் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரிந்தன, அடிவானம் தாளின் மேல்பக்கத்துக்கு ஏறிவிட்டது. மாஸ்டர் ஐயா சொன்ன வெள்ளைப் பாதியை நிலமே நிறைத்துவிட்டது. இது எந்தத் தொலைவுக் காட்சிப் பாடத்திலும் உள்ளதுதான். எனக்கு அது என் காலில்தான் புரிந்தது.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் அனுமதியோடு ஆறாம் வகுப்பைப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வயலுக்கு அழைத்துப் போனேன். ஓவிய ஆசிரியரும் கூட வந்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் நடுவில் செவ்வகமாக வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அதன் வழியாகப் பார்த்துவிட்டு ஒரு பையன் சொன்னான்: "ஒண்ணுமே இல்ல மிஸ்." எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நானும் அதையேதானே சொன்னேன்! "அந்த ஒண்ணுமில்லாத கோட்டு மேல என்னென்ன நிக்குது, எண்ணு" என்றேன். பனை 7, டவர் 1, கோபுரம் 1, கரண்ட் கம்பம் அவர்களுக்கே எண்ணி முடியவில்லை. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் அந்த வகுப்புப் பிள்ளையின் அம்மா. எல்லோரும் அவரை வரைந்தார்கள்.

உட்கார்ந்து ஒரு படம், மதகுச் சுவரில் சாய்ந்து நின்று ஒரு படம் என்று சொல்லியிருந்தேன். இரண்டாவது படத்துக்கு நேரம் போதவில்லை. போக வர 15 நிமிடம் போய்விட்டது. அடுத்த வாரம் அந்தப் பீரியடைக் கணக்குத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் மழை. ஆக, இரண்டாவது படத்தை வகுப்பில் நினைவிலிருந்து வரைந்தார்கள். 34இல் 11 பேருக்கு மலை திரும்பி வந்துவிட்டது. கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தது. அப்புறம் முள்ளியாறு சார் சொன்னபடி வைத்திருந்த ஜூன் மாதத் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த 11இலும் மலைக்கு முன்னால் வரப்பு வந்திருக்கிறது. ஒருவன் மலையடியில் கரண்ட் கம்பங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறான், தூரம் போகப் போகக் கம்பம் சிறிதாகிறது. நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. "மலை இருந்தா நல்லாருக்கும்ல மிஸ்" என்றான். ஆமாம் என்றேன், விட்டுவிட்டேன்.

வாய்க்கால் வரைந்த சிறுமி மறுபடியும் வாய்க்காலைத்தான் வரைந்தாள். மரங்கள் மறுபடியும் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. உப்பளம் டீச்சர் சொன்னபடி நான் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, "நீ எந்த மரத்துக்கிட்ட நிக்கிற?" என்று கேட்டேன். ஒரு மரத்தடியில் தன்னை வரைந்தாள். நான் உட்கார்ந்திருந்த பக்கத்து மரத்தடியில் இன்னொரு ஆளை வரைந்து, "இது நீங்க" என்றாள். அப்புறம் எந்த மரம் நாவல், எந்த மரம் புளி, எது யார் வீட்டுக்கு எதிரே என்று சொல்லிக்கொண்டே வரைந்தாள். ஐயா, தாழ்வாரத்தில் நின்றே எழுதிவிட்டேன். நாலு வரி போதவில்லை, இரண்டு பக்கம் வந்தது.

எட்டாம் வகுப்பு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தாளைக் கொடுத்தால் "எனக்கு வராது மிஸ்" என்று பாதிப் பேர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்கேல் கேட்கிறார்கள், ரப்பரைத் தேய்த்துத் தாளைக் கிழிக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது?


பழைய டிராயிங் மாஸ்டர் எழுதியது:

அவர்களுக்குக் கண் வளர்ந்துவிட்டது அம்மா, கை இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. தன் படம் நிஜம் மாதிரி இல்லை என்பது தெரிகிற வயது. சின்ன வகுப்பில் தாளுக்குச் சண்டை போட்ட அதே பிள்ளைகள்தான் இவர்கள். இந்த வயதில் யாரும் துணைக்கு வரவில்லை என்றால் பலர் பென்சிலை வைத்துவிடுகிறார்கள், பிறகு எடுப்பதில்லை. "நன்றாகத்தான் இருக்கிறது" என்று பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு முறை, ஒரு அளவு, ஒரு கருவி வேண்டும். இந்த இடத்தில் நான் மெழுகுக்கரு தம்பியைத்தான் கேட்பேன்.


முள்ளியாறு எழுதியது:

என் எட்டாம் வகுப்பில் எடுபட்டது வண்ணம் தயாரிப்பது. அடுப்புக்கரி, காவி, செம்மண், வாய்க்கால் வண்டல் எல்லாவற்றையும் பொடித்து, சலித்து, புளியங்கொட்டைப் பசையில் குழைத்தோம். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவப்பு வரும் என்பது அவர்களுக்கே தெரியும். அதைத் தாளில் பூசிவிட்டுப் போனோம். அடுத்த வாரம் வந்து பார்த்தால் சிவப்பு மங்கிவிட்டது. காவி பூசியது அப்படியே இருந்தது. ஏன் என்று பிடித்துக்கொண்டார்கள். வராது என்று சொன்ன பையன்கள் அந்த இரண்டு வாரமும் கேட்காமலே பூசிக்கொண்டிருந்தார்கள்.


மெழுகுக்கரு எழுதியது:

ஐயா கேட்டதால் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் ஸ்கேல் வைத்து ஆரம்பிப்பதில்லை. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, தொடை என்று அளவு பிரிப்போம். அடி, அங்குலம் எதுவும் வேண்டாம். சிலை எவ்வளவு சிறியதானாலும் பெரியதானாலும் அதன் அளவு அதற்குள்ளேயே இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம். கை மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஏறக்குறைய அதே நீளம்தான். பிள்ளைகளை முதலில் உள்ளங்கையை முகத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாடையில் மணிக்கட்டை வைத்தால் நடுவிரல் முடி ஆரம்பிக்கிற இடத்தைத் தொடும்.

அப்புறம் இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஒருவன் உயரத்துக்கு ஓலைகளை முடிந்து நீட்டி, அதில் எத்தனை முகம் வருகிறது என்று மடித்து எண்ணச் சொல்லுங்கள். பெரிய மூர்த்திகளுக்கு நாங்கள் வைக்கிற கணக்கோடு அது ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்று அவர்களே கேட்பார்கள். அதற்குப் பிறகு தாளைக் கொடுங்கள்.


அரசலாறு எழுதியது:

அண்ணா, வியாழக்கிழமை எட்டாம் வகுப்பு எனக்கு இருக்கிறது. ஓலை எங்கள் கொல்லையிலேயே கிடைக்கும். காய்ந்த ஓலையா, பச்சை ஓலையா? எவ்வளவு அகலம் வேண்டும்? 41 பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே நறுக்கி வைத்துவிடலாமா?


மெழுகுக்கரு எழுதியது:

பச்சைதான். காய்ந்தது மடிக்கும்போது ஒடிந்துவிடும். ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஓரம் சீவி, ஒரு விரல் அகலம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே நறுக்கினால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், இல்லையென்றால் சுருண்டுவிடும். முடிந்தால் நறுக்காமல் மட்டையோடு கொண்டுபோங்கள். கிழிப்பதையும் பிள்ளைகளே செய்யட்டும்.